மலைக்கோட்டையில் ஏறாமல் விட்ட மாடி

என் குழப்படிகளில் எப்போதும் சரிபாதிப் பழியைச் சுமந்த அன்பு மச்சான் சேந்தனுக்கு,

குந்தி இருந்து எழுது என்று அம்மா சொன்னார். இருக்க முடியவில்லை. முதல் வரியை யூனியன்வில்லில் எங்கள் சமையலறை மேசையோரம் நின்றுகொண்டு எழுதினேன். இந்த வரியை ரொறன்ரோவில் உங்கள் வோபர்ன் வீட்டுக்கு வரும் பஸ்ஸில் எழுதுகிறேன். அடுத்த வரியை எங்கே எழுதுவேன் என்று எனக்கே தெரியாது. நீ போன நாளிலிருந்து கால்கள் ஒரு இடத்தில் நிற்பதில்லை.

இதை மற்றவர்களும் வாசிப்பார்கள். மாமியும் வாசிப்பார். ஆகவே நாம் வழமையாகப் பேசுகிற சொற்களில் பாதியை எடுத்துவிட்டேன். எழுத்துப் பிழைகளை அம்மா திருத்துவார். கருத்துப் பிழைகள் முழுவதும் என்னுடையவை, அவற்றில் யாரும் கை வைக்க வேண்டாம்.

செய்தி இதுதான். போனோம் மச்சான். உன் கோட்டைக்கு. ஆகஸ்டில், மாமாவும் நானும்.

உன்னைத் தெரியாமல் இதை வாசிப்பவர்களுக்காக நாலு வரிப் பந்தி ஒன்று. நீ என் அம்மாவின் அண்ணன் மகன். என்னைவிட மூன்று மாதம் மூத்தவன், அதை ஒரு நாளும் மறக்க விட்டதில்லை. பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமைப் பந்தாட்டத்தில், பந்து கையில் இருக்கும்போதே விழுந்தாய். நாங்கள் எல்லோரும் நீ நடிக்கிறாய் என்றுதான் நினைத்தோம், உன் பெயர் அப்படி. நெஞ்சுக்குள் பிறவியிலேயே ஒரு கோளாறு இருந்ததாம். உன்னோடு இருந்த ஒன்று, உன்னைப் போலவே கடைசி வரை யாரிடமும் மாட்டாமல் இருந்திருக்கிறது.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் துடக்கு, சாவுத் தீட்டு. மாமாவுக்கு, மாமிக்கு, உன் பெரியப்பா குடும்பத்துக்கு, உன்னை இரண்டு தடவை மட்டும் பார்த்திருக்கும் மொன்றியல் சித்தப்பாவுக்குக்கூட முப்பத்தொரு நாள். எனக்கு இல்லை. நான் மச்சான். முறைப்படி நான் வேறு வீடு.

செத்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு வேலை இருந்தது. எனக்கும் தந்தார்கள். கார் எங்கே நிறுத்துவது என்று காட்டுகிற வேலை. நீ உள்ளே படுத்திருக்க, நான் வெளியே பனியில் நின்று மஞ்சள் உடுப்போடு கை காட்டிக்கொண்டிருந்தேன். நம் வாழ்க்கையிலேயே ஒழுங்காக வழி காட்டிய நாள் அதுதான்.

இரண்டு கிழமை கழித்து ரெக்ஸ்டேலில் அப்பாவின் பக்கச் சொந்தத்தில் ஒரு கலியாணம். அம்மா கட்டிலை விட்டு எழும்பவில்லை. அப்பா என் வேட்டியை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"வீட்டால ஒராளாவது என்னோட வரவேணும் தம்பி. உனக்கெண்டால் துடக்கு ஒண்டும் இல்லைத்தானே."

போனேன். பாட்டுப் போட்டார்கள். ஒரு அன்ரி என் கன்னத்தைக் கிள்ளி, "எவ்வளவு வளர்ந்திட்டாய்" என்றார். வளர்ந்துதான் விட்டேன், மச்சான். துடக்கே தொடாத அளவுக்கு.

அந்தச் சொல் என்னை விடவில்லை. துடக்கு இல்லை. நல்ல செய்தி மாதிரித்தான் எல்லோரும் அதைச் சொன்னார்கள். உன்னோடு ஒரே குளியல் தொட்டியில் கிடந்து வளர்ந்தவன் நான். மொன்றியல் சித்தப்பாவுக்கு இருப்பது எனக்கு ஏன் இல்லை? யாரிடம் போய்க் கேட்பது?

சரி, கோட்டைக்கு வருகிறேன். பஸ் வோபர்னைத் தாண்டிவிட்டது, நான் இறங்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் எழுதுகிறேன்.

பூனை ஒன்றைக் கோட்டைக்குத் தலைவர் ஆக்கியிருக்கிறார்கள் என்று நீ ஒரு வீடியோவைக் காட்டினாயே, அதுதான் தொடக்கம். ஜப்பானில், தக்காஹாஷி என்ற ஊருக்கு மேலே, மலையுச்சியில், பிச்சூ மட்சுயாமா கோட்டை. ஊரைத் தக்காளி என்றாய். கோட்டையைப் பிச்சு என்றாய், ஏறுகிறவனின் முழங்காலைப் பிச்சு எடுத்துவிடும் என்றாய். மாமாவின் வான் வண்டியில் வழி சொல்லும் குரலை ஜப்பானிய மொழிக்கு மாற்றி, அவரை ரொறன்ரோ தாண்டி ஒஷாவா வரை ஓட வைத்தாய். கடைசியில் பேஸ்மென்றில் மாமாவை இருத்தி, நாற்பது சிலைட் போட்டு, நம் மூன்று பேருக்கும் விமானச் சீட்டு எடுக்க வைத்தாய். மாமா ரொறன்ரோவில் பஸ் ஓட்டுகிறவர், வேகத்தை ஒரு புள்ளி கூட்டாதவர், முறை என்றால் முறை. அவரையே ஆமாம் சொல்ல வைத்தவன் நீ.

அந்த நாற்பதில் ஒரு சிலைட் நமக்கு மட்டும். மலைப்பாதையில் அங்கங்கே சின்னப் பலகைகள் நிற்கின்றன. பாதை சரியில்லை, பார்த்து நடவும் என்ற மாதிரி அறிவிப்புகள். எல்லாம் பழைய காலத்துத் தோரணையில் எழுதி, கீழே கோட்டைத் தலைவர் என்று ஒப்பமிட்டிருக்கும். அதைக் கண்டதும் நாம் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையை மாமா கவனிக்கவில்லை. அடுத்த நாளே நீ ஒரு பலகை எடுத்து, கறுப்புப் பெயின்றில், தமிழில் எழுதினாய்:

"நில்லும். மூச்சு விடும். மேலே தோசை இல்லை. ஆனாலும் வாரும். — கோட்டைத் தலைவர்."

அதை நட்டுவிட்டு வருவதுதான் திட்டம். யார், எதற்கு, எந்த மொழி என்று ஜப்பானே தலையைச் சொறிய வேண்டும்.

நீ போன பிறகு மாமா போகவே மாட்டேன் என்றார். மாமிதான் துரத்தினார். "ரெண்டு பேரும் இந்த வீட்டுக்குள்ள நடந்து நடந்து நிலம் தேயுது. அங்க போய் நடவுங்கோ" என்றார். தான் வர மாட்டேன், உன் இருக்கையில் இருக்க மாட்டேன் என்றும் சொன்னார். பலகையை என் பெட்டியில் உடுப்புகளுக்குள் சுற்றிக் கொண்டுபோனேன். மாமாவுக்குத் தெரியாது.

நீ கேட்ட மேகக்கடல் இல்லை. குளிர்கால விடியற்காலைகளில்தான் மலை முழுக்க மேகம் மூடி, கோட்டை மட்டும் அதற்கு மேல் மிதக்குமாம். நாங்கள் கண்டது ஆகஸ்ட் வெயில். காது கிழிய ஏதோ பூச்சிகள் மரங்களிலிருந்து கத்தின. ரக்சி பாதி மலையில் எங்களை இறக்கிவிட்டது, மிச்சம் நடை. மாமா எனக்கு முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரிப்பிடம் இல்லாத பஸ் மாதிரிப் போனார்.

தலைவரின் பலகைகள் உண்மையாகவே இருந்தன. இரண்டாவது பலகைக்குப் பக்கத்தில் நல்ல மரம் ஒன்று. மாமா வளைவைத் தாண்டியதும் நான் பையிலிருந்து நம் பலகையையும் ஆணியையும் எடுத்தேன். சுத்தியல் கொண்டுவர மறந்துவிட்டேன், ஒரு கல்லைத் தேடினேன். நிமிர்ந்தால், மாமா.

"என்னடா உது?"

"ஒண்டும் இல்லை மாமா. பலகை."

"பலகை எண்டு தெரியுது. ஆர் எழுதினது?"

கேட்கத் தேவையில்லை. உன் 'தோ' எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? பக்கத்து எழுத்தின் மேல் சாய்ந்துகொண்டு நிற்கும். மாமா வாசித்தார். திரும்ப வாசித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். அழுவாரோ என்று பயந்தேன். இரண்டும் இல்லை.

"மரத்தில ஆணி அடிக்கிறேல்லை" என்றார். "ஆக்களின்ர மலை இது."

பலகையை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். எழுத்து வெளிப்பக்கம். இறங்கி வருகிற ஆட்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள், சிலர் தலை குனிந்து வணங்கினார்கள். மாமாவும் குனிந்தார். எங்கள் பலகை நட நினைத்த இடத்தில் நிற்கவில்லை, மச்சான். அது நடந்து மலை ஏறியது.

ஒரு திருப்பத்தில் மாமாவின் வயது இருக்கும் ஒரு பெண் வழியோரம் களைப்பாறிக்கொண்டிருந்தார். பலகையைக் காட்டி ஏதோ கேட்டார். ஃபோனை அதன் மேல் பிடித்தார், ஃபோன் மொழிபெயர்த்தது. என்ன சொன்னதோ, அவர் முகம் கவலைப்பட்டது. எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் பையைத் திறந்து, கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டை இரண்டு எடுத்து நீட்டினார். மேலே சாப்பாடு இல்லை என்ற சோகத்தை நாங்கள் ஊருக்கு அறிவித்துக்கொண்டு போகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

மாமா தயங்கினார். "மீன் கிடக்கோ எண்டு கேள்" என்றார். ஃபோன் வழியாகக் கேட்டேன். மீன் இல்லையாம். பழம் என்றது ஃபோன். மாமா ஒரு கடி கடித்தார். உள்ளே இருந்தது உப்பில் ஊறிய புளிப்புப் பழம். பெப்ரவரிக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு அசைவை அன்றுதான் பார்த்தேன். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. "தேசிக்காய் ஊறுகாயின்ர தாத்தா" என்றார். முழுவதையும் தின்றார்.

இப்போது வரலாறு. நீதான் சொல்ல வேண்டியது, என்ன செய்ய. முதன்முதலில் இந்த மலையில் ஒருவர் கோட்டை கட்டி ஏறக்குறைய எண்ணூறு வருசம். இப்போது நிற்கிற கட்டடம் அதற்கு மிகவும் பிந்தியது. தலைவர்கள் மேலே குடியிருக்கவில்லை. தினமும் யார் ஏறுவது? அடிவாரத்தில் வசதியாக மாளிகை கட்டி இருந்தார்கள், அந்த இடத்தில் இப்போது உயர்தரப் பள்ளிக்கூடம். பிறகு கோட்டைத் தலைவர்கள் ஆளும் முறை மாறி, கோட்டைகளை இடிக்கச் சொன்னபோது, இதை மலையிலிருந்து இறக்குவது பெரிய கரைச்சல் என்று அப்படியே விட்டுவிட்டார்களாம். சோம்பேறித்தனத்தால் பிழைத்த கோட்டை. நீ அதை எவ்வளவு பெருமையாகச் சொன்னாய். காட்டுக்குள் உக்கிக் கிடந்ததை நெடுங்காலம் கழித்து ஊர்க்காரர்கள் திருத்தியபோது, கூரை ஓடுகளைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் சுமந்து மேலே கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவனாவது ஒரு ஓட்டின் அடியில் ஏதாவது கிறுக்கியிருப்பான் என்று நீ பந்தயம் கட்டினாய். நான் கூரையை அண்ணாந்து பார்த்தேன். தெரியவில்லை. ஆனால் இருக்கும்.

ஒரு கதையை நீ சிலைட்டில் வேகமாகத் தாண்டினாய். அங்கே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை மாமா நின்று வாசித்தார். இந்தக் கோட்டையைத் திருத்திக் கட்டிய குடும்பத்தில் ஒரு தலைவர் வாரிசு இல்லாமல் செத்துப்போனார். அவசரமாக ஒரு பையனைத் தத்தெடுத்தார்கள். அவனும் செத்துப்போனான். வீடே முடிந்தது. வேறு ஊரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து, உள்ளே ஆயுதத்தோடு நின்றவர்களோடு பேசி, சண்டை இல்லாமல் கோட்டையை வாங்கிக்கொண்டார்.

மாமா அந்த இடத்தை விட்டு நெடுநேரம் நகரவில்லை. நான் ஒரு பகிடி தேடினேன். கிடைக்கவில்லை. எனக்கே கிடைக்கவில்லை, மச்சான். ஒன்று மட்டும் உனக்குச் சொல்லி வைக்கிறேன். உன் இடத்துக்கு நான் மனுப்போடவில்லை. அந்தத் தத்துப்பிள்ளைக்கு நடந்ததைப் பார்த்த பிறகு யார் போடுவான்?

பூனைத் தலைவரைக் கண்டோம். நிழலில் படுத்திருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டினார். ஆட்சி நன்றாகத்தான் நடக்கிறது.

கோட்டை சின்னது, இரண்டு தட்டுத்தான். வெயிலிலிருந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் மரவாசனை, இருட்டு, குளிர்ச்சி. தரையில் நீளமான அடுப்புக் குழி ஒன்று. முற்றுகை நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் சமைக்கவும் குளிர்காயவுமாம். அதற்கு அப்பால் மேல் தட்டுக்குச் செங்குத்தான மரப்படி. படியருகே ஒரு குறிப்பு. மாமா வாசித்தார். அவர் கை கைபிடியிலிருந்து இறங்கியது.

"தம்பி, மேல சாமி இருக்காம்."

தலைவர்கள் காவல் தெய்வங்களை மேல் தட்டில்தான் வைத்து வணங்கினார்களாம். நாற்பது சிலைட்டில் பூனைக்கு ஆறு கொடுத்தாய். சாமிக்கு ஒன்று கொடுத்திருக்கக் கூடாதா?

"ஜப்பான் சாமிதானே மாமா" என்றேன்.

"சாமியில என்ன ஜப்பான், யாழ்ப்பாணம். நான் ஏறேல்லை. வருசம் முடியட்டும்."

முப்பத்தோராம் நாளோடு துடக்குக் கழிந்தது, இனிக் கோயிலுக்கு வரலாம் என்று ஐயர் அன்றே சொல்லிவிட்டார். மாமாதான் கேட்கவில்லை. ஒரு வருசத்துக்குக் கோயில் இல்லை, மச்ச மாமிசம் இல்லை, பெருநாள் இல்லை என்று தானே ஒரு வேலி போட்டுக்கொண்டார். பன்னிரண்டு மணிநேரம் பறந்து, ரயில் ஏறி, ரக்சி பிடித்து, மலை ஏறி வந்த மனிதர் கடைசிப் படியின் முன்னால் நிற்கிறார். இந்த உலகத்தில் நம் ஆட்கள்தான் இப்படிச் செய்வார்கள்.

அடுப்புக் குழியின் ஓரத்தில் இருந்துகொண்டு, பலகையை மடியில் வைத்துக்கொண்டு, அன்பாகத்தான் சொன்னார்.

"நீ போட்டு வா. அவன் ஆசைப்பட்ட இடம். உனக்குத் துடக்கு இல்லைத்தானே."

நான் படியில் கால் வைத்தேன். ஒரு படி. மேலேயிருந்து வெளிச்சம் விழுந்தது, யன்னல் இருக்க வேண்டும். நீ பார்க்க நினைத்த யன்னல். ஏறியிருக்கலாம். ஏறி, எல்லாவற்றையும் பார்த்து, இந்தக் கடிதத்தில் உனக்குச் சொல்லியிருக்கலாம்.

இறங்கினேன்.

"எனக்கும் இருக்கு மாமா."

"என்ன?"

"துடக்கு."

"ஆர் சொன்னது?"

"நான்தான்."

"நீ மச்சான் முறையடா. முறை எண்டு ஒண்டு இருக்கு."

"உங்களுக்கு முடிஞ்சுது எண்டு ஐயர் சொன்னவர். நீங்கள்தானே ஒரு வருசம் எண்டு நீட்டினீங்கள். அது ஆர் தந்த முறை? உங்களுக்கு நீட்டேலும் எண்டால் எனக்குத் துவங்கேலும்."

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஒரு குடும்பம் எங்களைச் சுற்றி மெதுவாகப் போய்ப் படி ஏறியது. மாமா என்னைப் பார்க்கவில்லை, குழியைப் பார்த்தார். உன் பலகையின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். அவர் திட்டுவார், அல்லது கை பிடித்து மேலே அனுப்புவார் என்று காத்து நின்றேன்.

தன் பக்கத்தில் கிடந்த பையை எடுத்து மறுபக்கம் வைத்தார்.

"இரு" என்றார்.

இருந்தேன். பெப்ரவரிக்குப் பிறகு நான் ஒரு இடத்தில் இருந்தது அதுதான் முதல் தடவை. கால் ஆடவில்லை. மேலே ஆட்கள் நடக்கும் சத்தம் பலகைகளுக்கு ஊடாகக் கேட்டது. மாமா பலகையை மடியில் நேராக்கிவிட்டுச் சொன்னார்.

"அப்ப மரக்கறிதான். வருசம் முடியுமட்டும்."

"மட்டன் ரோல்?"

"இல்லை."

"முட்டை? கேக்குக்குள்ள போட்ட முட்டை?"

"துடக்குக்காரன் பேரம் பேசேலாது."

அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டேன், மச்சான். துடக்குக்காரன். என் பெயருக்கு முன்னால் போடலாம் போல இருந்தது.

அவ்வளவுதான். மேல் தட்டைப் பார்க்காமல் இறங்கி வந்தோம். யன்னலிலிருந்து என்ன தெரியும் என்று என்னைக் கேட்காதே. நீ எங்கே இருக்கிறாயோ, அங்கிருந்து ஒருவேளை உனக்கே தெரியுமோ?

இங்கத்தைய ஊர்ப்புதினம் சொல்கிறேன். போன கிழமை தீபாவளி போனது, நான் புது உடுப்புப் போடவில்லை. "உனக்கேன்டா உது" என்று அம்மா முதலில் சத்தம் போட்டார். அடுத்த நாள் எனக்கென்று தனிச் சட்டியில் கத்தரிக்காய் வைத்தார். வோபர்னில் ரோல் கடைக்கு முன்னால் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். மொன்றியல் சித்தப்பா வந்திருந்தபோது என் கண் முன்னால் கோழிக்கால் கடித்தார். நான் என் கத்தரிக்காயைக் கடித்தேன். அவரது ஃபோனை மட்டும் ஜப்பானிய மொழிக்கு மாற்றிவிட்டேன்.

பலகை இப்போது உங்கள் பேஸ்மென்ற் படிக்கு மேலே. மாமிதான் தொங்கவிட்டார். மேலே தோசை இல்லை என்று அது சொல்கிறது. மேலே சமையலறை. வெள்ளிக்கிழமைகளில் மாமி தோசை சுடுகிறார், இப்போதுகூட வாசம் வருகிறது. ஆம், வந்து சேர்ந்துவிட்டேன். இந்தக் கடிதத்தின் கடைசிப் பகுதியை உன் பலகைக்குக் கீழே, படியில் இருந்துகொண்டு எழுதுகிறேன். இருந்துகொண்டுதான்.

பெப்ரவரியில் உன் ஆட்டத்திவசம், முதல் வருசத் திதி. அன்று மாமாவோடு சேர்ந்து நானும் தலை தோய்ந்துவிட்டு வந்து நிற்பேன், கார் நிறுத்த வேறு ஆள் பார்க்கட்டும். மார்ச் விடுமுறையில் மூன்று பேரும் போகிறோம். மாமி வர ஒப்புக்கொண்டுவிட்டார், உன் இருக்கையில் அல்ல, தன் இருக்கையில். அப்போது விடியற்காலையில் மேகம் இருக்கக்கூடும். பலகையையும் கொண்டுபோவோம். அந்தப் படியில் மாமா முதலில், மாமி அடுத்து, நான் கடைசியில் ஏறுவோம். யன்னலில் என்ன தெரிந்தாலும், வந்து ஒன்றும் விடாமல் சொல்வேன். பொய் கலக்காமல் சொல்வேன். இது குழப்படி இல்லை, சத்தியம்.

மேலே மாமி கூப்பிடுகிறார். தோசை ஆறுகிறதாம்.

வருசம் முடியும்வரை துடக்குக் காக்கும்,
உன் மச்சான்
வாகீசன்